நான்கு நொடி

ஷார்ஜா நஹ்தாவில் ஏழு பேர் அறை,
எனக்குக் கீழ்க்கட்டில்.
வேலை துபாய் மீடியா சிட்டியில்:
இரவு பத்திலிருந்து ஆறு வரை
ஒரு சானல் அணையாமல் பார்த்துக்கொள்வது.

விளையாட்டுச் சானல் என்றதும்
மச்சான் கிரிக்கெட் டிக்கெட் கேட்டார்.
வீடியோ கேம் என்றேன்.
"அடுத்தவன் ஆடுறத எதுக்குப் பாக்கணும்?"
எனக்கும் தெரியவில்லை.
ஆனால் பார்த்தார்கள்.
தம்மாமில், சலாலாவில், ஜஹ்ராவில்,
நோன்பு மாதத்துப் பின்னிரவுகளில்
சஹர் உணவு ஆற ஆறப் பார்த்தார்கள்.

முதல் வருடம் ஒரு மாடி,
அடுத்த வருடம் மூன்று.
வரவேற்பறையில் மீன்தொட்டி வந்தது.
ரனீம் முடிக்கு நீலம் அடித்தாள்;
அடுத்த வாரமே நீல முடிப் பையன்களின் படங்கள்
வந்து குவிந்தன.
முதலாளி ஹைத்தம் வெள்ளை வண்டி வாங்கிய அன்று
எல்லோருக்கும் மந்தி.
ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தோம்.
கணக்கர் சூசைமரியான் மட்டும் தனித் தட்டில்,
ஏதோ தெரிந்தவர் போல,
கொஞ்சமாக.

இரண்டு மணிக்கு 'கூப்பிட்டு ஓட்டு'.
போனில் நாலை அழுத்தினால் கார் இடப்பக்கம்,
ஆறுக்கு வலம்.
சிக்கல் ஒன்றுதான்.
நாங்கள் அனுப்பும் சாலை
பெட்டிகளுக்குள் மடிந்து, வானம் ஏறி இறங்கி,
அவர்கள் வீட்டில் விரிய நான்கு நொடி.
அவர்கள் லாரியைப் பார்க்கும்போது
இங்கே மோதி முடிந்திருக்கும்.

எல்லோரும் தோற்றார்கள்,
நிமிடத்துக்கு ஐந்து ரியால் கொடுத்து.
அந்த நான்கு நொடிதாம்பா நம்ம சம்பளம்
என்பார் சூசைமரியான்.

ஹஃபர் பக்கத்திலிருந்து ஒருத்தி கூப்பிடுவாள்.
நூஃப் என்றாள், கிசுகிசுப்பாக.
பின்னால் ஏசி இரைச்சல், யாரோ தூங்கும் மூச்சு.
எட்டு இரவு மோதினாள்.
ஒன்பதாம் இரவு
வெற்றுச் சாலையில் ஆறை அழுத்தினாள்.
ரனீம் சிரித்தாள்.
லாரி வந்தது.
கார் அங்கே இல்லை.
மோதி மோதியே சாலையை மனப்பாடம் செய்திருக்கிறாள்.
மறுபடி வெற்றுச் சாலை, நாலு.
இன்னொரு லாரி, சும்மா கடந்து போனது.

பரிசாக ஒரு கேம் பெட்டி அறிவித்தோம்.
அனுப்பவில்லை.

பிறகு எல்லாம் சறுக்கியது.
பையன்கள் தாங்களே ஆடி
தங்கள் அறையிலிருந்தே ஊருக்குக் காட்டத் தொடங்கினார்கள்.
எங்களுக்கு முகம் வெளுக்கும் கிரீம் விளம்பரம் மிஞ்சியது,
பிறகு கனவுக்குப் பலன் சொல்லும் ஒரு பெரியவர்,
மாலை நேரம் முழுவதையும் வாங்கிக்கொண்டார்.
ரனீமின் முடி வேரிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது.
மூன்று மாதம் சம்பளமில்லை.
வெள்ளை வண்டி பார்க்கிங்கில் புழுதி பூத்தது.
கண்ணாடியில் யாரோ விரலால் எழுதியிருந்தார்கள்,
ஒரு வசவு, எழுத்துப்பிழையோடு.
சூசைமரியானை ஒருநாள் காணோம்;
கால்குலேட்டரையும்.

கடைசி இரவு நானும் ஜோவெலும் மீன்களும்.
செயற்கைக்கோள் வாடகை நள்ளிரவோடு சரி.
அங்கே எவனோ ஒரு பொத்தானை அணைத்தான்.
எங்கள் உள் மானிட்டரில் மட்டும்
கார் நின்று உறுமிக்கொண்டிருந்தது.
ஜோவெல் நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு
லிஃப்டுக்குப் போனான்.
நிலுவைக்கு ஈடாம்.

இரண்டு மணி. போன்.
"திரை கறுப்பாயிருக்கு," என்றாள்.
தெரியும் என்றேன், என் ஓட்டை அரபியில்.
"ஓட்டவா?"

ஓட்டினாள்.
படம் அவளுக்கு எப்போதுமே தேவைப்பட்டதில்லை.
ஆறு. நாலு. நாலு. ஆறு.
லாரிகள் தோற்றுப்போய்க் கொண்டிருந்தன.
சாலை எங்கே முடியுமென்று
அதுவரை நாங்களே பார்த்ததில்லை.
வரைந்தவனுக்குக் கூலி பாக்கியோ என்னவோ,
பாலைவனம் திடீரென்று நின்று
வெறும் சாம்பல் நிறம்,
நடுவில் ஒரு விளக்குக் கம்பம்,
அது எரியவுமில்லை.

"என்ன தெரியுது?"

எனக்குத் தெரிந்த அரபி
மூட்டை, கயிறு, நாளை, காசு, கடல்.
கடல் என்றேன்.

அவள் எதுவும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் யாரோ புரண்டு படுத்தார்கள்.
வை, என்றேன், காசு ஓடுது.
வசூலிக்க இங்கே யாருமில்லை என்பது
அவளுக்குத் தெரியாது.
வைக்கவில்லை.