புள்ளிக்கு ஆள்

ஏகாம்பரகுப்பத்தில் கரண்ட் போனால்தான்
எழுத்து காதில் விழும்.
தெருத் தறியெல்லாம் வாயடைத்த நேரம்
நூல் தீர்ந்த அட்டைக் கோன்களில்
ஸ்கெட்ச் பேனாவால் ப, ட, ம எழுதி
பிள்ளைகள் தலையில் கவிழ்த்தேன்.
தர்ஷினி ப.
நிரஞ்சன் ட, மூக்கொழுகும் ட.
ம ஓரிடத்தில் நிற்காமல் சுற்றியது.
பிடித்து நிறுத்தினேன்.

எதிர்வீட்டு சாத்விக்குக் கோன் மிஞ்சவில்லை.
தமிழும் வராது.
"நீ புள்ளிடா" என்றேன்.
"காது, சுன்னா" என்றான்.
நிரஞ்சன் தன் காதைத் தொட்டுப் பார்த்தான்.
அவன் பள்ளியில் அது
பக்கத்தில் உட்காரும் வட்டமாம்.
சரி, சுன்னாவாகவே இரு,
ஆனால் தலைமேல்.

ம-வின் உச்சியில் அவன் உள்ளங்கை பட்டது.
மூன்று பேரும் உதடு மூடினார்கள்:
படம்.
எடுத்தான்: படம.
வைத்தான்: படம்.
பிறகு திருட்டுத்தனமாக
தர்ஷினி தலையில் வைத்தான்.
ப்டம!
எச்சில் தெறிக்க, கோன்கள் உருள,
யார் எந்த எழுத்தென்று யாருக்கும் தெரியவில்லை.

கரண்ட் வந்துவிட்டது.
கூலிக்கு மீட்டர் கணக்கு. ஓடி ஸ்விட்சைத் தட்டினேன்.
"தள்ளிப் போங்கடா" என்று நான் கத்தியது
எனக்கே கேட்கவில்லை.

சாத்விக் மட்டும் போகவில்லை.
ஸ்டூலில் ஏறி, எட்டி,
தறிச் சட்டத்தின் உச்சியில்
உள்ளங்கையை வைத்து
அழுத்திப் பார்க்கிறான்.