அறுபத்தெட்டு

ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டேன்.
மொட்டைமாடித் தண்ணித்தொட்டி நிழலில்
பீரோவுக்குத் தம்பி மாதிரி நிற்கிறது
மின்சாரப் புகையடுப்பு.
புதுச்சேரியில் ஒரு விடுதியை மூடியபோது
பழைய ஃப்ரிட்ஜ் வாங்கப் போன கலியவரதன்
இதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
"எண்ணூறு வாட்ஸ்தான், மிக்ஸியைவிடக் கொஞ்சம் கூட" என்றார்,
எதையும் வாட்ஸில் அளக்கிற மனுஷன்.

இரண்டரைக் கிலோ முன்சப்பை.
உப்பு, மிளகு, மல்லி, கொஞ்சம் பனைவெல்லம்
ராத்திரியே தடவி வைத்தது.
தட்டில் கொய்யாக்கட்டைச் சீவல் ஒரு கைப்பிடி.
எங்கள் வீட்டுக் கொய்யாதான்.
கம்பியில் உரசுகிறது என்று
லைன்மேன் வந்து வெட்டிவிட்ட மரம்.
அந்த லைன்மேனுக்குத்தான் அன்று மத்தியானம்
நான் சோறு போட்டேன்.
பேசாமல் போட்டேன்.

ஏழரைக்குப் புகை வந்தது.
கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை,
விரதமிருக்கிறவர் பேச்சு மாதிரி
மெல்லிசாக, நீலமாக.
துணி காயப்போட வந்த அபிராமசுந்தரி
முகர்ந்துவிட்டு, "என்ன, ஹோமமா?" என்றாள்.
"ஆமாம், ஆட்டுக்கு" என்றேன்.

எட்டுக்கு நாற்பது.
பத்துக்கு ஐம்பத்தொன்பது.
பதினொன்றுக்கு அறுபத்தெட்டு.
பன்னிரண்டுக்கும் அறுபத்தெட்டு.
ஒரு மணிக்கும்.

இப்படித்தான் நிற்கும் என்று அவர் சொல்லியிருந்தார்.
கறிக்கு வேர்க்குமாம்.
வேர்க்கிற வரைக்கும் சூடு ஏறாதாம்.
எவ்வளவு அனல் கொடுத்தாலும்
தன்னைத் தானே ஆற்றிக்கொண்டு
உட்கார்ந்திருக்குமாம்.
கதவைத் திறக்காதே, சூட்டைக் கூட்டாதே,
பார்த்துக்கொண்டிரு.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
எனக்கும் வேர்த்தது.
மஞ்சக்குப்பத்துக்கு வர வேண்டிய கடல்காற்று
தேவனாம்பட்டினத்திலேயே இறங்கிவிட்டது போல.

ஒன்று நாற்பதுக்கு
எண் அணைந்தது.

பெட்டிதான் போய்விட்டது என்று முதலில் நினைத்தேன்.
பிறகு கீழே ஃபேன் நின்ற சத்தம்,
தெரு முழுக்க ஃபேன் நின்ற சத்தம்,
ஜன்னல் ஜன்னலாக ஒரே கேள்வி.
அது கடைசியில் எங்கள் வாசலுக்குத்தான் வரும்.
"லைன்மேன் வீட்டிலுமா இல்லை?"
இல்லை.
"போன் போட்டுக் கேளுங்களேன்."
போட்டேன். எடுக்கவில்லை.
கம்பத்தில் இருக்கிறவர் எடுக்க மாட்டார்,
எடுக்கவும் கூடாது.

மூன்றுக்கு அவரே கூப்பிட்டார்.
முதலில் ஆஸ்பத்திரி,
அப்புறம் துறைமுகத்து ஐஸ் ஃபேக்டரி,
அப்புறம்தான் தெருக்கள்.
"நம்ம தெரு?"
"கடைசி."
கொஞ்ச நேரம் போனில் காற்றுச் சத்தம்.
"எவ்வளவு காட்டிச்சு?"
"அறுபத்தெட்டு."
"திறந்தியா?"
"இல்லை."
"திறக்காதே."
வேறு எதையும் கேட்கவில்லை.
சாப்பிட்டாயா என்று நானும் கேட்கவில்லை.

பழைய கம்பளியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன்.
வைகாசி மாதக் கடலூரில் ஒருத்தி கம்பளி எடுத்ததை
அபிராமசுந்தரி பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
உள்ளங்கையை வைத்தேன்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் முதுகு.

நாலு இருபதுக்குத் தெருவே 'ஹோ' என்றது.
பெட்டிக்கு எல்லாம் மறந்துபோயிருந்தது.
பூஜ்யம், பூஜ்யம் என்று கண்ணைச் சிமிட்டியது.
பொத்தானை அழுத்தி அழுத்தி
மறுபடி சொல்லிக்கொடுத்தேன்.
அறுபத்திரண்டு.
அறுபத்தைந்து.
அறுபத்தெட்டு.
இனி இங்கேதான் குடியிருப்பு என்று
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
நிற்கவில்லை.
அறுபத்தொன்பது.
யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது,
மாடியில் காக்கைதான் இருந்தது.

பத்து மணிக்கு வந்தார்.
சட்டையில் எரிந்த எண்ணெய், சூடான ரப்பர்,
இருபது வருஷமாக நான் துவைக்கிற புகை.
எலும்பைப் பிடித்து இழுத்ததும்
உறையிலிருந்து கத்தி மாதிரி வந்துவிட்டது.
ரசம் சோற்றோடு நின்றபடியே தின்றார்.
"கொய்யா வாசனை" என்றார்.
"ஆமாம்" என்றேன்.
"கொஞ்சம் தூக்கலா இருக்கோ?"
"இருக்கட்டும்."

பின்பக்கம், வெட்டிய அடிக்கட்டையில்
மூன்று துளிர் விட்டிருக்கிறது.
மூன்றும் கம்பியைப் பார்த்து.
அவர் கை கழுவுகிற இடம் அதுதான்,
பார்க்காமல் இருக்க முடியாது.
தண்ணீரைக் கொஞ்சம் அதிகமாகவே ஊற்றினார்.