யார் வாழ்க

"கீ வீவ்?"
இருட்டைப் பார்த்துக் கத்துவதற்கு
எனக்குக் கற்றுத்தந்த இரண்டே சொற்கள்.
யாரது என்றுகூட இல்லை,
யார் வாழ்க என்கிறாய், சொல்
என்பதுதான் கேள்வி.

முன்பெல்லாம் 'மன்னர்' என்றவன்
உள்ளே வந்து எங்களோடு சூப் குடித்தான்.
இந்த வருடம் அப்படிச் சொன்னால் சுட வேண்டும்.
'தேசம்' என்றால் விட வேண்டும்.
கேள்வி மட்டும் மாறவில்லை, அது எனக்கு வசதி.

மியூஸ் ஆறு பனிமூட்டத்துக்குள் எங்கோ ஓடுகிறது.
துப்பாக்கி இரும்பில் விரல் ஒட்டிக்கொள்கிறது.
நேற்று ஒரு மாட்டிடம் மூன்று முறை கேட்டேன்,
எந்தக் கட்சியும் சொல்லாமல்
அசைபோட்டபடி போய்விட்டது.
மோக்கூர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான்.
அவனைப்போல் உஷாராக இரு என்று
சார்ஜெண்ட் என்னைத் திட்டுவார்.

பாலத்தின் மேல் மரச்செருப்புச் சத்தம்.
"கீ வீவ்?"
சத்தம் நின்றது.
"கீ வீவ்?"
குதிரையை இழுத்துக் குறிவைத்தேன்.

"இன்னும் தெரியாது"
என்றது ஒரு பெண்குரல், மூச்சு வாங்க.
"தோல் பதனிடும் க்ளோதோ வீட்டில்.
கால் முதலில் வருகிறதாம்.
போய்ப் பார்த்தால்தான் சொல்ல முடியும்."

மருத்துவச்சி பெரின் வோத்ரோ.
அப்படி ஒரு பதில் விதியில் இல்லை.
கதவைத் திறந்தேன்.

அதற்குப்பின் நான் ஆற்றைப் பார்க்கவே இல்லை.
எதிரி வரும் திசைக்கு முதுகைக் காட்டி
ஊருக்குள் காதை நீட்டிக்கொண்டு நின்றேன்.
எந்தச் சன்னலில் வெளிச்சம் நகர்கிறது,
யார் தண்ணீருக்கு ஓடுகிறார்கள்,
ஒரு நாய் ஏன் நிறுத்திவிட்டுத் திரும்பக் குரைக்கிறது.
இதற்காகவே ஒருவனைச் சுட்டுவிடலாம்.
ஆனால் இந்தக் காவலில்
அவ்வளவு விழிப்பாக நான் இருந்ததே இல்லை.

விடிவதற்குச் சற்று முன் திரும்பினாள்,
முழங்கைவரை ஈரம்.
வாயில் வந்துவிட்ட சொல்லை விழுங்கினேன்.

"கேளேன்" என்றாள்.

கேட்டேன், கத்தாமல்.
அந்தச் சொற்களைத் தாழ்ந்த குரலில்
அன்றுதான் முதலில் சொன்னேன்.

ஒரு விரலைக் காட்டினாள்.
எந்த ஒருவர் என்று கேட்க
எனக்குத் தெரிந்த இரண்டு சொற்கள் போதவில்லை.
அவளும் நிற்கவில்லை,
பாலத்துப் பலகைகள் ஒவ்வொன்றாக அதிர்ந்து அடங்கின.

எட்டு மணிக்கு மோக்கூர் வந்தான்.
"ஏதாவது உண்டா?"
"பனி" என்றேன்.