நாலு தரம் சுட்ட மயிர்

மூன்றாம் தரம் சுட்டபோதே
கருகல் மணம் வந்தது.
மருந்தின் மணம் என்றாள் சலூன்காரி,
நம்பினேன்.
நாலாம் தரம் காதுமடலில்
சின்னதாய் ஒரு பிறை வாங்கிக்கொண்டு
அப்போதும் நம்பினேன்.

லீசிங் கம்பெனி வேலைக்கு
நேரான மயிர் வேணும் என்று
விளம்பரத்தில் ஒருவரும் எழுதவில்லை.
எழுதாததை
எவ்வளவு கவனமாய் வாசித்திருக்கிறேன்.

இப்போது தலையில் ரெண்டு பேர்.
வேரிலிருந்து நாலு விரற்கடைக்கு
என் சுருட்டை, பிறந்தபடி, பிடிவாதமாய்.
அதற்குக் கீழே
தும்பு.
இரண்டும் தொடும் இடத்தில்தான் முறிகிறது.
முகத்துவாரத்தில் வாவியும் கடலும் முட்டி
மணல் இடம் மாறிக்கொண்டே கிடக்குமே
அப்படி ஓர் இடம்.
மேசையில், மோட்டார்சைக்கிள் ஃபைல்களில்,
தவணை கட்ட வந்தவரின் தேத்தண்ணியில்
துண்டு துண்டாய் விழுகிறேன்.

றிஸ்மினாதான் கண்டுபிடித்தாள்.
அடுத்த மேசை, காத்தான்குடி.
ஐந்து வருடம் ஒன்றாய்ச் சோறு தின்றும்
அவள் தலையை நான் கண்டதில்லை.
ஒரு வெள்ளிக்கிழமை
மனேஜர் ஜும்ஆவுக்குப் போன நேரம்
'வா கா' என்று
பழைய ஃபைல் அறைக்குள் இழுத்துப்போய்
கொண்டி போட்டாள்.
ஊசிகளை ஒவ்வொன்றாய் வாயில் கவ்வியபடி
ஸ்காஃபை அவிழ்த்தாள்.

அல்லாவே என்று சொன்னது நான்தான்.

என்னுடையதைவிட இறுக்கமான சுருள்கள்,
தோளுக்கு இறங்க மனமில்லாமல்
காதைச் சுற்றியே நின்றன.
தவணை தவறிய வாகனங்களின் பட்டியலுக்கு நடுவில்
தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.
'இதச் சுடச்சொல்லி ஒருத்தரும் சொல்லல்ல.
காணாதவங்க என்னத்தச் சொல்ற?'

மறுகா வாயில் ஊசியோடேயே சொன்னாள்:
சீப்பை எறி. விரல் போதும்,
அதுவும் ஈரத்தில், அதுவும் நுனியிலிருந்து.
டவலால் துவட்டாதே,
உன்ட மனிசன்ட பழைய ரீசேர்ட் கிடக்குமே.
கல்லடிக் கிணற்று உவர்த்தண்ணி கடைசியாய்ப் படக்கூடாது,
மழைத்தண்ணி பிடி.
வெண்டிக்காயை அவித்து வழுவழுப்பை வடி.
தும்பை வெட்டு.
'எல்லாத்தையுமா?'
அவள் ஊசி குத்தி முடித்திருந்தாள்,
பதில் உள்ளே போய்விட்டது.

வீட்டில் விமலகாந்தன்
சட்டியைத் திறந்து பார்த்தார்.
'வெண்டிக்காய எங்க, தண்ணி மட்டும் கிடக்கு?'
தலையைக் காட்டினேன்.
'அப்ப கறி?'
அன்றைக்குப் பருப்பு.

வெட்ட ஒரு மாதம் எடுத்தது.
குளியலறைக் கதவைச் சாத்தி
மகளின் கைவேலைக் கத்தரிக்கோலால்.
விழுந்ததைக் கூட்டி அள்ளினால்
நாற்பது கிராம் தேறாது.
அதற்கு நான் கொட்டிய காசில்
ஒரு ஸ்கூட்டிக்கு முற்பணம் கட்டியிருக்கலாம்,
கணக்குப் போட்டே பார்த்தேன், வட்டியோடு.

ஹெல்மெட்டின் உட்பக்கம்
அபாயாத் துணியின் மிச்சத்தை
றிஸ்மினா தைத்துத் தந்தாள். ஊதா சற்றின்.
மயிர் உராயாது என்றாள்.
சில நாள் உராய்வதில்லை.
சில நாள் குருவி கலைத்த கூடு மாதிரி எழும்புகிறது.
இடப்பக்கத்தில் ஒரு பிடி
இன்னும் சுருள மறுக்கிறது,
அதோடு நான் கதைப்பதுமில்லை, ஏசுவதுமில்லை.

போன கிழமை
கல்லடிப் பாலத்தடியில் பொலிஸ் மறித்தது.
லைசன்ஸ் படத்தில்
பளபளவென்று நேராய் வழியும் ஒருத்தி.
'இது நீங்கதானா?'
இந்தப் பாலத்தில் அது பழைய கேள்வி.
முன்பு அதற்குப் பதில் சொல்லும்போது
அம்மாவின் கையில் அடையாள அட்டை நடுங்கியது.
என் கை நடுங்கவில்லை,
ஆனாலும் அதைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
காதுமடலின் பிறையைக் காட்டினேன்.
படத்தில் அது இல்லை,
மயிருக்குப் பின்னால் இருந்தது.
அவருக்கு அது ஒரு சாட்சியே இல்லை.
பின்னால் லொறி ஹோர்ன் அடிக்க
போங்க என்றார்.

வாவிப் பக்கமிருந்து தூறல் தொடங்கியிருந்தது.
முன்பென்றால்
தலையில் ஃபைலைக் கவிழ்த்துக்கொண்டு
ஓடியிருப்பேன்.