இரண்டாயிரத்து முந்நூறு

மார்கழி. ஆறே முக்கால்.
ஜக்கூர் ஓடுபாதைமேல் பனி
பிழியாமல் போட்ட வேட்டியாய்க் கிடக்கிறது.
இறக்கையில் விரலால் ஒரு கோடிழுத்தேன்,
தண்ணீர் முழங்கைவரை வந்துவிட்டது.

பதின்மூன்று டிகிரி.
லடாக்கில் ஓட்டுகிறவர்கள் சிரிப்பார்கள்.
சிரிக்கட்டும்.
எண்ணெய்க்குத் தெரியும் இது குளிரென்று.
அளவுக்கம்பியை உருவினால்
சொட்டு விழுவதற்குமுன் யோசிக்கிறது.

சாவியைக் கண்ணாடி ஓரம்
இருவர் கண்ணிலும் படும்படி வைத்துவிட்டு
விசிறியைக் கையால் சுற்றுகிறோம்.
"இன்னொந்து சல, மேடம்"
குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து முனிவெங்கடப்பா.
இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.

பிரைமர் நான்கு இழுப்பு.
முதல் முயற்சியில் இருமியது,
இரண்டாவதில் திட்டியது,
மூன்றாவதில் எழுந்துவிட்டது.
முப்பது நொடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால்
அணைத்துவிட வேண்டும்.
இருபத்திரண்டில் முள் அசைந்தது.

இனி ஒன்றும் செய்வதற்கில்லை,
உலோகம் சூடாகித் தன் அளவுக்கு விரியும்வரை.
சட்டைப் பையில் கடிதம் உறுத்துகிறது.

சி பிளாக், ஒன்பதாம் மாடி.
ரெஜினா மேரி, நர்ஸ், இரவுப் பணி.
தமிழில் எழுதியிருந்ததால்
ஆபீஸில் என்னிடம் தள்ளிவிட்டார்கள்.
"ஏழு மணிக்குத்தான் படுக்கிறேன்.
உங்கள் விமானம் என் தலையணைக்குள் புகுந்து
மறுபக்கம் வெளியே போகிறது.
வார்டில் ஏதோ மெஷின் நிற்காமல் அலறுகிறதென்று
எழுந்து செருப்பைத் தேடுகிறேன்.
மன்னிக்கவும்."

அவர்தான் கேட்டிருக்கிறார் மன்னிப்பு.

ஆகவே இன்று,
உயரம் கிடைத்ததும் ஏரிப்பக்கம் சாய்ந்தேன்,
அடுக்குமாடிகளை வலத்தில் விட்டு.
த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்தேன்,
இரண்டாயிரத்து ஐந்நூறிலிருந்து
இரண்டாயிரத்து முந்நூறு.
காற்றை அறைந்துகொண்டிருந்த விசிறி நுனிகள்
தட்டிக்கொடுக்கத் தொடங்கின.
எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து இருநூற்று ஐம்பது.
நான் தொடவில்லை.
இருநூறு.
நூறு.

பாதி மூடிய கார்புரேட்டர் தொண்டை,
பெட்ரோல் ஆவியாகும் சில்லிப்பு,
ஏரியின் அத்தனை ஈரம்.
பதின்மூன்று டிகிரியிலும் பனிக்கட்டி கட்டும்.
பரீட்சையில் இந்தக் கேள்விக்கு
படம் வரைந்து பாகம் குறித்திருக்கிறேன்.

இருக்கை உதறியது.
பிறகு ஒரு கணம், இரண்டு கணம்,
கம்பிகளில் காற்று விசிலடிக்கும் ஓசை மட்டும்.
கீழே கூழைக்கடாக்கள்
தலை திருப்பிப் பார்த்தன.
சி பிளாக்குக்கு இதைவிட நல்ல காலையை
நான் தந்திருக்கவே முடியாது.

வெப்பக் குமிழை முழுசாக வெளியே இழுத்தேன்.
முதலில் இன்னும் மோசமாகும்.
உருகிய நீரை எஞ்சின் குடித்தாக வேண்டும்.
தெரியும்.
தெரிந்தும் கை அதைத் திரும்பத் தள்ளப் பார்த்தது.
கையை மற்றொரு கையால் பிடித்துக்கொண்டேன் என்றால்
முனிவெங்கடப்பா நம்ப மாட்டார்,
பிடித்துக்கொண்டேன்.

விக்கல். செருமல்.
பிறகு வந்தது சத்தம்,
ஒரு சுற்றுகூடக் குறையாமல்.
ஓடுபாதைக்குக் குறுக்குவழி சி பிளாக்கின் மேலேதான்.
முழு த்ராட்டிலில் போனேன்.
ஒன்பதாம் மாடியில் ஒரு திரைச்சீலை விலகியது,
அல்லது விலகியதாகத் தோன்றியது.

இறங்கியதும் முழங்கால் நடுங்க
முனிவெங்கடப்பாவின் பிளாஸ்க்கிலிருந்து
அவர் பங்கு காபியையும் குடித்துவிட்டு
கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதினேன்.
நான்கு தொடக்கங்களை அடித்தபிறகு இவ்வளவுதான் மிஞ்சியது:

"இன்று ஏழு இருபத்தாறுக்கு உங்களை எழுப்பியது நான்.
அந்தச் சத்தம் எனக்குத் தேவைப்பட்டது.
நாளையிலிருந்தும் முந்நூறில்தான் போவேன்,
இன்னும் கொஞ்சம் உயரத்தில்.
ஐந்து நிமிடத்துக்கொருமுறை
ஒரு குமிழை இழுத்துப் பார்ப்பேன்,
அப்போது சுருதி சற்றே இறங்கும்.
செருப்பைத் தேட வேண்டாம்.
திரும்பிப் படுத்துக்கொள்ளுங்கள்."