கைமாற்று

இரவு இரண்டு மணி. காவேரிப்பட்டணம் சாலையில்
பதினோரு லாரி, எல்லாம் பெங்களூரா மாங்காய்.
சந்தூர்ச் சரக்கு ஏழாவதில்.
அதன் சாறு ஒரு சொட்டு என் ஊசியில்.

முதல் ஓட்டத்தில்
சூடான இழையிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான்கள்
மூலக்கூறை நேராக அடித்தன.
சில்லு சில்லாகச் சிதறிக் கிடந்ததில்
எது யாருடைய தோள், எது யாருடைய கால்?
நான் கையெழுத்துப் போடவில்லை.

மீத்தேன் சிலிண்டரைத் திறந்தேன்.
இனி அடி எல்லாம் மீத்தேனுக்கு.
அடிபட்டது ஓர் எலக்ட்ரானை இழந்து
அடுத்த மீத்தேன்மேல் போய் மோதும்.
பிரியும்போது ஒன்றிடம் மூன்று ஹைட்ரஜன்,
மற்றதிடம் ஐந்து.
கார்பனுக்கு நாலு கைதான் என்று
பர்கூர்ப் பள்ளியில் இரண்டு மார்க்குக்கு
நானே எழுதியிருக்கிறேன்.
இங்கே ஐந்தாவதைச் சுமந்துகொண்டு
ஓடுகிறது அது,
எங்காவது இறக்கி வைக்க.

இன்னொரு மீத்தேனிடம் கொடுத்தால்
அதுவும் அடுத்ததன் தலையில் கட்டும்.
குழாயில் தங்கிய நீராவி கொஞ்சம் வாங்கும்,
அதைவிட இறுகப் பிடிப்பவன் வந்தால்
அவனிடம் தள்ளும்.
மோத மோதக் கைமாறி
புரோட்டான் கடைசியில் நிற்பது,
தள்ளிவிட ஆள் கிடைக்காதவனிடம்.

முந்நூற்றைம்பதில் முள் எழுந்தது.
கீறல் படாமல், முழு உருவாக,
தன் எடையோடு ஒன்று கூட.
குளோர்பைரிபாஸ்.

"நான் அடிக்கலம்மா,"
கேட்டுக் கம்பியைப் பிடித்தபடி திம்மராயன்.
"பக்கத்துத் தோப்புல அடிச்சாங்க.
அன்னைக்கிக் காத்து எங்க பக்கம்."
பக்கத்துக் குத்தகைக்காரரைக் கேட்டால்
மருந்துக்கடையைச் சொல்வார்.
கடைக்காரர் டப்பாவில் அச்சடித்ததைக் காட்டுவார்.
மண்டிக்கு முன்பணம் திரும்பி வரணும்.
லாரிக்கு வாடகை, ஏற்றினவர்களுக்குக் கூலி.

ரிப்போர்ட்டில் காற்றுக்குக் கட்டம் இல்லை.
'சரக்கு அனுப்பியவர்' என்று ஒன்று இருந்தது.
அதில் அவர் பெயரை எழுதினேன்,
'ம்' புள்ளியோடு சேர்த்து, பிழையில்லாமல்.

வந்த எடையோடு
ஏழாவது லாரி பின்வாங்கித் திரும்பியது.
உள்ளே வெற்றிடப் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது.
ஊசியை மூன்று தரம் கழுவினேன்.
எட்டாவது லாரிக்காரர்
ஹெட்லைட்டைப் போட்டார்.