முப்பத்தோராவது கெட்டில்

என் மனைவி நோலீன்
தேநீர் குடிப்பதில்லை. நெஞ்சு கரிக்கும்.
ஆனால் கொட்டகையில் முப்பத்தோரு கெட்டில்கள்,
எல்லாம் வெட்டவெளியில் வெந்நீர் வைக்கிற ரகம்:
நடுவில் புகைபோக்கி, வயிற்றுக்குள் தீ,
தீயைச் சுற்றிச் சுவருக்குள் நீர்.
காற்று எவ்வளவு அடிக்கிறதோ
அவ்வளவு சீக்கிரம் கொதிக்கும்.
அவள் சொல்லித்தான் தெரியும்.
ஒன்றைக்கூடப் பற்றவைத்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமைகளில் பண்ணை ஏலம்,
செவியட் வரை, சில நேரம் ஆம்பர்லி வரை.
ரோமக் கத்தரிகளும் கம்பிச் சுருளும் குவிந்த மேசையில்
குனிந்து, அடிப்பக்கம் தட்டிக் கேட்பாள்
தர்பூசணி வாங்குகிறவளைப் போல.
ஈய ஒட்டில் நகத்தை ஓட்டுவாள்:
"தண்ணீர் இல்லாமல் எவனோ எரித்திருக்கிறான்."
அவனைத் தெரிந்தவள் போலக் கோபம் வரும்.

முப்பத்தோராவது மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள்.
தீயே காணாத செம்பு.
கைப்பிடியில் என்றோ ஒரு கடைக்காரர் கட்டிய சீட்டு:
பன்னிரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ்.
தான் கொடுத்த விலையை
என்னிடம் இரண்டு தவணையாகச் சொன்னாள்.

அப்புறம் அந்த நள்ளிரவு.
மலை சரிந்து கைகோராவுக்கு இரண்டு பக்கமும் சாலை போயிற்று.
குழாயில் காற்று இருமியது.
கடலின் அடித்தரை மேலே வந்து
வெயிலில் நாறத் தொடங்கியது.
விடிந்ததும் கொட்டகைக்குள் போனவள்
கண்ணாடிச் சில்லைப் பெருக்கினாள், எண்ணினாள்,
இரண்டிரண்டாகத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

ரவிரி வீட்டுக்கு மூன்று.
மோட்டலில் மாட்டிக்கொண்ட டச்சுப் பிள்ளைகளுக்கு ஐந்து.
கைக்குழந்தைக்காரி பெர்னிஸுக்கு ஒட்டு உரியாத ஒன்று.
எல்லாருக்கும் ஒரே வாக்கியம்:
"முதலில் தண்ணீர். பிறகு தீ."
பைன் காய், மனுகாச் சுள்ளி,
தெரு நெடுக முப்பது புகை.
ரவிரி வாரிக்கொடுத்த சிங்கி இறாலைக்
கெட்டிலுக்குள் திணிக்க முடியாது என்று
ஒரு டச்சுப் பையனிடம் நெடுநேரம் வாதாடினாள்.

நான்காம் நாள்,
தண்டவாளம் தொங்கிய கரையோரம் நடந்தே வந்த நால்வர்.
கையில் கெட்டில் மிச்சமில்லை.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் வேலியைப் பார்த்தேன்.
சீட்டைக் கத்தரித்து
அந்தச் சீட்டிலேயே தீ மூட்டினாள்.
பன்னிரண்டு ஷில்லிங் நொடியில் சுருண்டது.

ஸ்ஸ் என்றொரு சத்தம்.
புகை வெளுத்தது.
உள்சுவரில் ஊசித் துளை,
செய்த அன்றே இருந்திருக்கும்.
சொட்டுச் சொட்டாய்த் தன் தீயைத் தானே அணைத்தது
இத்தனை வருடம் துடைத்து வைத்த செம்பு.
தட்டியிருக்கிறாள், நகம் ஓட்டியிருக்கிறாள்;
தண்ணீர் ஊற்றிப் பார்க்க மட்டும் மனம் வரவில்லை.

சிரித்தாள் என்று எழுத ஆசை. சிரிக்கவில்லை.
ரவிரியிடமிருந்து ஒன்றைத் திருப்பி வாங்கி
நால்வருக்கும் கொதிக்கவைத்து,
மிஞ்சியதைக் குவளையில் ஊற்றித்
தானும் குடித்தாள், வெறும் வெந்நீர்.

அவள் குறிப்பேட்டில் இப்போது:
31. செம்பு. சீட்டு இல்லை. ஒழுகும்.
பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போடவேண்டுமாம்.
அளவெடுக்கச் சொல்லியிருக்கிறாள் என்னை.